தம் என்னும் வேர்: தமிழ் உறவுச்சொற்களும் ஊர்ச்சொற்களும்

(கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்துவடிவம்)



உறவுப்பெயர்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கடலையும் புனித டேவிட் கோட்டையின் இடிபாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவந்த கருத்து ஒன்றுதான். அதை முதலிலேயே வைத்துவிடுகிறேன்.

தமிழின் மிகப் பழைய உறவுச்சொற்கள் தனித்து நிற்பவை அல்ல. 'யாருடைய?' என்ற கேள்விக்கான விடையைத் தமக்குள்ளேயே சுமந்து பிறந்தவை. அந்த விடையும் பெரும்பாலும் பன்மையில் இருக்கிறது: 'என்' என்று இல்லாமல் 'எம்', 'நும்', 'தம்' என்று. சமூகத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லும் அதே அச்சில்தான் வார்க்கப்பட்டது. குடும்பத்துக்கு ஓர் இலக்கணம், ஊருக்கு வேறோர் இலக்கணம் என்று தமிழ் தொடக்கத்தில் பிரித்து வைக்கவில்லை. இதற்கான சான்றுகளை எண்ணிட்டுச் சொல்கிறேன். சில விரிவாக இருக்கும், சில ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடும்.

1. மூன்று தாய்கள்

இன்று நாம் 'தாய்' என்கிறோம். யாருடைய தாயானாலும் தாய்தான். சங்கத் தமிழில் நிலைமை வேறு. என் தாய் என்றால் யாய், உன் தாய் என்றால் ஞாய், அவருடைய தாய் என்றால்தான் தாய். தந்தைக்கும் அப்படியே எந்தை, நுந்தை, தந்தை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் தலைவன் தலைவியிடம் இரு வீட்டுப் பெற்றோரைப் பற்றியும் பேசும்போது யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகிய நான்கு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அதைப் பாடியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். பள்ளிப் பாடத்தில் அந்தச் செம்மண் நீரின் அழகையே பேசுகிறோம். முன்னால் நிற்கும் நான்கு சொற்கள் இன்னும் பழமையான ஒரு மொழிநிலையைக் காட்டுகின்றன என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உடன்பிறந்தாருக்கும் இதே அமைப்புதான். எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. மூத்தவனுக்குத் தம்முன், மூத்தவளுக்குத் தம்மோடு அக்கை சேர்ந்து தமக்கை. தமையன் என்பதும் தம்மோடு ஐயன் சேர்ந்ததே. தம்பி, தங்கை, தந்தை ஆகியவற்றில் உடைமை காட்டும் பகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 'பி', 'கை', 'தை' போன்ற துண்டுகள். அவை பேச்சில் தனியே நடமாடியதில்லை. யாருக்கும் தம்பியாக இல்லாத ஒரு தம்பியைக் குறிக்க அந்த மொழியில் வழியே இருக்கவில்லை.

எந்தை என்ற சொல்லைச் சற்றே உற்றுப் பாருங்கள். 'என்' என்பதோடு 'தை' சேர்ந்திருந்தால் னகரமும் தகரமும் புணர்ந்து வேறு வடிவம் வந்திருக்கும். எம் என்பதோடு சேர்ந்ததால்தான் மகரம் திரிந்து எந்தை ஆயிற்று. எங்கையும் அப்படியே. நுந்தையில் இருப்பது 'நும்', அதாவது உங்கள். தம்பியில் இருப்பது 'தம்', அதாவது தங்கள். ஒருவன் தன் தகப்பனைப் பற்றிப் பேசும்போதும் 'எங்கள்' என்ற பன்மையில்தான் உரிமை கொண்டாடினான். 'என்னை' என்பதுபோல் ஒருமையில் அமைந்த சொற்களும் உண்டு. அன்பும் தலைமையும் கலந்து தலைவனையோ தமையனையோ குறிக்க வருபவை அவை. ஆனால் தந்தைக்கும் இளையோருக்கும் பன்மையே வழக்கு.

2. அந்த அச்சு இன்னும் உடையவில்லை

இதெல்லாம் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தத் தெருவில் விளையாடும் ஒரு சிறுமியை நிறுத்தி 'யார் வீட்டுப் பிள்ளைம்மா?' என்று கேளுங்கள். 'எங்கப்பா போட்டுக்குப் போயிருக்காரு' என்பாள். அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருக்கலாம். ஆனாலும் 'என் அப்பா' என்று அவள் வாயில் வராது. எங்கப்பா, உங்கம்மா, எங்கக்கா, உங்கண்ணன் என்று இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் ஒட்டித்தான் வரும். எந்தையும் நுந்தையும் வழக்கொழிந்தன என்று அகராதி சொல்கிறது. அவை எங்கப்பாவாகவும் உங்கப்பாவாகவும் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து நிற்கின்றன என்று நான் சொல்கிறேன்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது 'எங்க வீட்டுக்காரர்' என்ற வழக்கு. கணவன் ஒருத்திக்கு மட்டும் உரியவன். அங்கேகூடத் தமிழ்ப் பெண் 'எங்க' என்றுதான் சொல்கிறாள். அந்த 'எங்க' எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் சொல் இல்லை. பேசுகிறவள் ஒரு வீட்டிலிருந்து, ஒரு கூட்டத்திலிருந்து பேசுகிறாள் என்பதைச் சொல்கிறது.

மூன்று வடிவங்களில் 'தம்' மட்டும் எப்படி நிலைத்தது? என் கருத்து இது. சொந்தத் தாயையும் தகப்பனையும் பேசும்போது மக்கள் கூப்பிடும் சொல்லையே பெயராக்கிக்கொண்டார்கள். அம்மா, அப்பா, அக்கா, அண்ணா ஆகியவை அடிப்படையில் விளிகள். அக்கை என்ற பெயர் அக்கா என்று விளியாயிற்று. இன்று அந்த விளியின்மேலேயே வேற்றுமை உருபை ஏற்றி 'அக்காவுக்கு', 'அப்பாவை' என்கிறோம். விளிமரபு என்று ஓர் இயலையே வகுத்து, முறைப்பெயர்கள் விளியேற்கும் விதத்துக்குத் தனி விதி சொன்ன தொல்காப்பியர் இதைக் கேட்டால் வியந்திருப்பார். தன்மைக்கும் முன்னிலைக்கும் விளிகள் வந்து அமர்ந்த பிறகு, படர்க்கைக்கு உரிய தாய், தந்தை, தம்பி, தங்கை ஆகியவை எல்லோருக்கும் பொதுவான பெயர்களாக மிஞ்சின. அதனால்தான் 'என் தம்பி' என்கிறோம். பிரித்துப் பொருள் பார்த்தால் 'என்னுடைய தங்களுடைய இளையவன்' என்று உரிமை இரண்டு முறை வருகிறது.

தெலுங்கில் தண்ட்ரி, தம்முடு. கன்னடத்தில் தந்தெ, தாயி, தம்ம, தங்கி. மலையாளத்தில் தந்த, தள்ள. தெற்கே எங்கும் 'தம்' உறைந்துபோய் நிற்கிறது.

3. ஜார்க்கண்டில் கேட்கும் சங்கத் தமிழ்

உறையாமல் ஓடும் இடமும் ஒன்று உண்டு. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஓராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மொழியில் என் தந்தை எம்பஸ், உன் தந்தை நிம்பஸ், அவர் தந்தை தம்பஸ். என் தாய் இங்கியோ, உன் தாய் நிங்கியோ, அவர் தாய் தங்கியோ. தந்தைக்குரிய மூன்றிலும் பன்மை அடிகளே இருக்கின்றன. நாம் குறுந்தொகையில் உரையின் துணையோடு தேடிப் படிப்பதை அங்கே பிள்ளைகள் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எமனோ என்ற அமெரிக்க அறிஞர் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பல ஆண்டுகள் ஆய்ந்தவர். 1953இல் திராவிட உறவுச்சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இந்த உடைமை அமைப்பு திராவிட மூலமொழிக்கே உரியது என்பதற்கான சான்றுகளை அடுக்கினார். பின்னர் பர்ரோ என்னும் மொழியறிஞருடன் சேர்ந்து 1961இல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது. நம் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் ச. அகத்தியலிங்கம் போன்றோர் வளர்த்த திராவிட மொழியியல் மரபும் இந்த வழியில் வந்ததே. இங்குள்ள மாணவர்கள் சிதம்பரம் வரை போனால் போதும், அந்த நூலகம் இருக்கிறது.

4. தமர்

இனி ஊருக்கு வருகிறேன். எம்மோடு அர் சேர்ந்தால் எமர், நம்மோடு சேர்ந்தால் நமர், நும்மோடு நுமர், தம்மோடு தமர். எந்தை, நுந்தை, தந்தை என்ற வரிசையையும் எமர், நுமர், தமர் என்ற வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தந்தை, தம்பி, தங்கை, தமர் நான்கும் ஒரே தம்மில் கிளைத்தவை. சுற்றத்தார், தம்மைச் சேர்ந்தவர் என்பதற்குத் தமிழ் புதிதாக ஒரு வேரைத் தேடவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தம்பி என்றால் பிறப்பு வேண்டும். தமர் என்றால் பிறப்பு வேண்டியதில்லை. 'இவர் எமர்' என்று ஏற்றுச் சொல்லும் வாய் இருந்தால் போதும். சங்க இலக்கியத்தில் உறவினரைச் சுட்டிய இந்தச் சொல்லைப் பக்தி இயக்கம் எடுத்து, சாதியும் குலமும் பாராத அடியார் கூட்டத்துக்கு ஆக்கியது. நம்மாழ்வாரிடம் தமர் என்றால் இறைவனைச் சேர்ந்தவர். 'தம்' யாரைச் சுட்டுகிறது என்பது மாறியதும் சமூகத்தின் எல்லையும் மாறிவிட்டது.

சைவத்தில் இதற்கு நம் ஊர்ச் சான்றே இருக்கிறது. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்தவர் மருணீக்கியார் என்னும் திருநாவுக்கரசர். திருவதிகையில் அவருடைய தமக்கையார் திலகவதியார் அவரைச் சைவத்துக்கு மீட்டார். கல்லோடு கடலில் எறியப்பட்டவர் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார் என்பது மரபு. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் கடலூரில் வழங்குகிறது. வயதில் மிக இளையவரான ஞானசம்பந்தர் அவரைக் கண்டதும் 'அப்பரே' என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். அன்றுமுதல் அதுவே பெயராயிற்று. பெற்ற பிள்ளை இல்லாத துறவி ஒருவர், ஒரு சமூகம் முழுமைக்கும் அப்பர் ஆனார். அம்மா, அப்பா என்னும் விளிகளே பெயர்களாகிவிட்டன என்று முன்பு சொன்னேன். அந்த மாற்றம் ஒரு தனிமனிதரின் வாழ்க்கையில் நிகழ்ந்ததை இங்கே காண்கிறோம்.

சமூகத்துக்கு வேறு பழஞ்சொற்களும் உண்டு. சுற்றி நிற்பவர் சுற்றம். மரத்திலிருந்து பிரிவது கிளை. வந்து பொருந்துவது உறவு. சங்கப் பாணர் பாட்டுகளில் வரும் கடும்பு, ஒக்கல் என்ற இரண்டையும் எனக்கு மிகவும் பிடிக்கும். பசியோடு பாணன் பின்னால் வரும் கூட்டத்தைக் குறித்தவை அவை. புரவலனிடம் பாணன் பரிசில் கேட்பது அந்தக் கடும்புக்காக. யாருக்குச் சோறு போடக் கடமைப்பட்டிருக்கிறோமோ அவர்களே நம் சுற்றம் என்ற எண்ணம் அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. கடும்பின் பொருள் அங்கே உலகளவு விரிந்திருக்கிறது.

5. பழைய ஆங்கிலத்தில் இருந்த மாமாவும் அத்தையும்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆங்கிலத்துக்குப் போவோம். அங்கும் தொடக்கத்தில் உறவும் சமூகமும் ஒட்டியே இருந்தன. அரசனைக் குறிக்கும் 'கிங்' என்ற சொல்லுக்குள் உறவுக்குழுவைக் குறிக்கும் 'கின்' இருக்கிறது. பிரபுவைக் குறிக்கும் 'லார்ட்' பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவன். சீமாட்டியைக் குறிக்கும் 'லேடி' மாவு பிசைபவள். கடும்பைப் பற்றிப் பேசியபின் இதைக் கேட்க உங்களுக்கு வியப்பாக இராது. அண்டை வீட்டாரைக் குறிக்கும் 'நெய்பர்' பக்கத்தில் குடியிருக்கும் உழவன்.

நம் பேச்சுக்கு முக்கியமானது இன்னொன்று. தந்தையின் உடன்பிறந்தானுக்கு ஃபெடெரா, தாயின் உடன்பிறந்தானுக்கு எயாம், தந்தையின் உடன்பிறந்தாளுக்கு ஃபாது, தாயின் உடன்பிறந்தாளுக்கு மோத்ரியே என்று பழைய ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என்று நாம் நால்வரைப் பிரிப்பதைப் போலவே ஆங்கிலேயரும் பிரித்தார்கள். 1066இல் நார்மானியர் வென்றார்கள். பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனை வழியாக வீட்டுக்குள் வந்தன. நான்கும் போய் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று இரண்டு மிஞ்சின.

அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். அங்கிள் வந்தது அவுங்குலுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து. அதன் பொருள் தாயின் உடன்பிறந்தான் மட்டுமே, நம் மாமா. ஆன்ட்டி வந்தது அமிதாவிலிருந்து. அதன் பொருள் தந்தையின் உடன்பிறந்தாள் மட்டுமே, நம் அத்தை. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் இலத்தீனில் வேறு சொற்கள் இருந்தன. நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரரை அங்கிள் என்று அழைக்கும்போது, தங்களை அறியாமல் மாமா என்றே அழைக்கிறார்கள். மாமா என்று அழைப்பதில் இருந்த கொடுக்கல் வாங்கல் மட்டும் அதில் இல்லை.

அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் தமிழ் உறவுமுறையின் இதயம். தந்தையின் உடன்பிறந்தான் நமக்குத் தந்தை, பெரியப்பாவோ சித்தப்பாவோ. அவர் பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்புகள். தாயின் உடன்பிறந்தான் மாமா. அவர் பிள்ளைகள் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. அதனால்தான் மாமா என்ற ஒரே சொல் மாமனாருக்கும், அத்தை என்ற ஒரே சொல் மாமியாருக்கும் பொருந்துகிறது. அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மோர்கன் என்பவர் செனகா என்னும் பழங்குடி மக்களின் உறவுமுறையை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆர்க்காட்டுப் பகுதியில் பணியாற்றிய ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் வழியாகத் தமிழ் உறவுப்பட்டியல் அவருக்குக் கிடைத்தது. இரண்டும் இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். 1871இல் அவர் வெளியிட்ட பெருநூல்தான் உறவுமுறை ஆய்வு என்ற துறைக்கே தொடக்கம். உலக மானிடவியலின் அந்த முதல் பக்கங்களில் தமிழரின் பெரியப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள்.

6. குண்டு விழுந்த தூரம்

சமூகத்தை வேறு விதமாகவும் வரையலாம் என்பதை இந்த ஊர் நேரிலேயே பார்த்திருக்கிறது. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். நிலத்தின் எல்லையைப் பீரங்கியால் முடிவுசெய்வது என்று ஒப்பந்தம். குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு. அந்த வட்டத்துக்குள் விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டினார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தபோது சில ஆண்டுகள் இதுவே கம்பெனியின் தலைமை இடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்தார்.

குண்டு கிராமம் என்ற சொல்லில் 'யாருடைய' என்பதற்கு விடை இருக்கிறது. அது பீரங்கியுடையது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. எமர், நுமர் என்ற பேச்சுக்கு அதில் இடமே கிடையாது. ஆட்சியாளர் வரைந்த வட்டத்துக்குள்ளேயே மீனவர்களான பட்டினவர்கள் தங்கள் பங்காளிகளோடும் சம்பந்திகளோடும் தங்கள் ஊரைத் தாங்களே நடத்திவந்தார்கள். கோட்டை மண்மேடாகிவிட்டது. ஊர் இருக்கிறது.

7. தலைக்கட்டு

இனிச் சொல்லப்போவது சற்றுக் கடினமானது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சொல்வதால் பொறுப்போடு சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கரையில் சமூகச் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பங்காளி என்றால் பங்கை ஆள்பவன். நிலத்தில் அது பாகத்தைக் குறித்தது. கடலில் பங்கு என்றால் பிடிபட்ட மீனின் வருமானத்தில் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பிரிக்கும் பாகம். தாயாதி என்ற சொல்லைத் தாயோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது பாகம் பெறுபவன் என்னும் பொருள்கொண்ட தாயாத என்ற வடசொல், பொருளால் பங்காளியேதான். சோழர் கல்வெட்டுகளில் நாட்டின் அவையைக் குறித்த நாட்டார் என்ற சொல், கடலூர் முதல் நாகை வரையுள்ள பல மீனவ ஊர்களில் ஊர்த்தலைவரின் பட்டமாக வழங்குகிறது.

இவற்றோடு தலைக்கட்டு. மணமாகித் தனிக்குடித்தனம் வைத்த ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர்வரி, கோயில் வரி, ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில் வரும். அமைதியான காலத்தில் அது நல்ல ஏற்பாடு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்த ஊர் இழந்ததை இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணம் வந்தபோது கரையோர ஊர்கள் பலவற்றில் பட்டியல் தலைக்கட்டுப்படி எடுக்கப்பட்டது. ஊரைக் கட்டிக்காத்த அந்த ஒழுங்கினால்தான் பொருள் விரைவாகவும் சண்டையின்றியும் பகிரப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணவனை முன்பே இழந்தவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள், மீன்கூடை சுமந்து பிள்ளைகளை வளர்த்த பெண்கள் பலர் அந்தப் பட்டியலில் இல்லை. தலை என்பது ஆண் என்று அந்தச் சொல் முன்பே முடிவுசெய்து வைத்திருந்தது.

நான் இங்கே வாதாடுவது தலைக்கட்டை ஒழிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அதைவிடப் பழைய ஓர் இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. எங்கப்பா, எங்கம்மா, எங்க வீட்டுக்காரர் என்று சொல்லும் அந்த 'எங்க' ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒன்றுதான். தொல்காப்பியர் முறைப்பெயரை உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களில் சேர்த்தார். தாய் என்றால் மனிதத் தாயும் தாய், மாட்டுத் தாயும் தாய். அவ்வளவு தூரம் விரிந்த இலக்கணத்தில் கணவன் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு வரி இடம் இல்லாமல் போகாது. சில ஊர்களில் பெண்களைத் தனிக் குடும்பமாகப் பதிவுசெய்யும் வழக்கம் வந்திருக்கிறது. எல்லா ஊரிலும் அது வர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

8. மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

கடைசியாக ஒரு வேலை. கடற்கரை உறவுச்சொற்களுக்கு முழுமையான தொகுப்பு வேண்டும். ஏட்டில் இருக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் உள்நாட்டு உழவர் குடும்பங்களைக் கேட்டு எழுதியவை. தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே பரங்கிப்பேட்டை வரையும் கொள்ளிட முகத்துவாரம் வரையும் ஒவ்வொரு குப்பத்திலும் எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். கூப்பிடும் சொல் எது, பிறரிடம் சுட்டிச் சொல்லும் சொல் எது என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே படகில் போகும் ஆட்கள் ஒருவரையொருவர் என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள், பிறப்பால் உறவில்லாதவர்களுக்கு முறை எப்படி அமைகிறது, மணம் செய்துகொண்டு வேறு குப்பத்திலிருந்து வந்த பெண் பிறந்த ஊர்ச் சொல்லை விடுகிறாளா, வைத்துக்கொள்கிறாளா என்று கேளுங்கள். பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளையும் விட்டுவிடாதீர்கள். பதிவுக் கருவியை வீட்டாரின் ஒப்புதலோடு வையுங்கள். சொன்னவரின் சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். யாய், ஞாய் போன்ற ஒரு சொல் இந்தக் கரையில் எந்த வீட்டிலாவது இன்னும் தங்கியிருந்தால், அதைக் கண்டெடுக்கப்போகிறவர்கள் நீங்கள்தான்.